லோபரமைடு: போக்கை நிறுத்தும் மாத்திரை

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் இரவு எட்டு மணிக்கு மேல் சற்று நேரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தோளில் பையோடு ஒருவர் வருவார். பக்கத்தில் ஆள் விலகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, “அண்ணே, லூஸ் மோஷனுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க. பத்து மணிக்கு வண்டி” என்பார். “காய்ச்சல் இருக்கா?” என்றுகூடக் கேட்காமல் கடைக்காரர் இழுப்பறையைத் திறப்பார். அட்டையிலிருந்து இரண்டை மட்டும் கத்தரியால் வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு நீட்டுவார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பல நேரங்களில் கடையிலேயே தங்கிவிட்ட மீதி அட்டையில்தான் இருக்கும்.

உறைக்குள் இருப்பது அநேகமாக 2 மில்லிகிராம் லோபரமைடு. இமோடியம் என்ற பெயரில் உலகறிந்த மருந்து. இந்தியாவில் வேறு பல கம்பெனிப் பெயர்களிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கலாம். பிரிட்டனில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கடையிலேயே கொடுப்பார்கள். இந்தியாவில் சட்டப்படி இது சீட்டோடு விற்க வேண்டிய மருந்து. நடைமுறையில் தலைவலி மாத்திரைக்கும் இதற்கும் கவுன்ட்டரில் பெரிய வித்தியாசம் கிடையாது.

மருந்து நல்ல மருந்துதான். கழிப்பறை இல்லாத ஆம்னி பஸ்ஸில் சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை போகவேண்டியவருக்கு இதைவிட உதவியான மாத்திரை இல்லை. ஆனால் அதற்குத் தெரிந்த வேலை குடலின் ஓட்டத்தைத் தளர்த்துவது மட்டும். கிருமியை அது தொடுவதில்லை. உடம்பிலிருந்து போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தருவதும் இல்லை. இந்த எல்லையை மறந்து விழுங்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

அபின் வழி வந்தது

அபின் வயிற்றைக் கட்டும் என்பது நாட்டு வைத்தியர்களுக்கும் ஐரோப்பிய மருத்துவர்களுக்கும் நூற்றாண்டுகளாகத் தெரிந்த சேதி. கூடவே மயக்கமும் பழக்கமும் வரும் என்பதும் தெரியும். வயிற்றைக் கட்டும் குணத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியுமா என்று பார்த்தவர்களில் முதன்மையானவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் யான்சென். அவருடைய ஆய்வுக்கூடம் 1956இல் டைஃபினாக்சிலேட் என்ற மருந்தை உருவாக்கியது. அளவு கூடினால் அது மூளைக்கும் போகும். அதனால் ஒவ்வொரு மாத்திரையிலும் துளி அட்ரோபின் கலந்தார்கள். போதைக்காக அள்ளி விழுங்கினால் வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, மறுமுறை அந்த ஆசையே வராது என்பது கணக்கு. லோமோடில் என்ற பெயரில் இங்கும் விற்கப்படுவது இந்தக் கலவைதான். 1969இல் அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்தது லோபரமைடு. இன்று அமெரிக்காவில் போதைச் சாவுகளோடு சேர்த்துப் பேசப்படும் ஃபென்டனிலும், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடாலும் யான்சென் குழுவின் படைப்புகளே.

குடல் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. உணவை முன்னே தள்ளும் அலையசைவை நடத்துவது அது. லோபரமைடு அங்குள்ள அபின் ஏற்பிகளில் போய் அமர்ந்ததும் அலை தளர்கிறது. உள்ளே இருப்பது கூடுதல் நேரம் தங்குகிறது. தங்கும் நேரத்தில் குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆசனவாயின் வளையத் தசையும் சற்று இறுகுவதால் ‘அடக்க முடியவில்லை’ என்ற அவசரம் குறைகிறது.

சரி, அபின் வகை என்றால் ஏன் மயக்கம் வருவதில்லை? விழுங்கிய மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. தப்பி இரத்தத்தில் சேரும் கொஞ்சமும் மூளைக்குள் நுழையப் பார்த்தால், இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள ஒரு புரதம் வாசற்காவலன்போல் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தக் காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் புரதத்தை முடக்கும் குயினிடின் என்ற இதய மருந்தோடு லோபரமைடைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஆரோக்கியமானவர்களுக்கும் மூச்சை நடத்தும் மூளைப் பகுதி மந்தமானது. நாய் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கோலி இன நாய்கள் பலவற்றுக்குப் பிறவியிலேயே இந்தப் புரதம் சரியாக வேலை செய்யாது. வீட்டில் மிஞ்சிய மாத்திரையை ‘நம்மளுக்குக் கேட்டுச்சே’ என்று அதற்குக் கொடுத்தால் தள்ளாடிச் சுருண்டுவிடும்.

எவ்வளவு, எத்தனை நாள்

பெரியவர்களுக்கு முதலில் 2 மாத்திரை, அதாவது 4 மில்லிகிராம். பிறகு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனதும் ஒன்று. மருத்துவர் சொல்லாமல் எடுப்பவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 8 மில்லிகிராம், அதாவது 4 மாத்திரை. மருத்துவர் மேற்பார்வையில் இது 16 வரை போகலாம். இரண்டு நாளில் நிற்கவில்லையென்றால் மாத்திரையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

அவசரக்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. மாத்திரை வேலையைத் தொடங்கவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட நாலைந்து மணி நேரம். அதில் பாதி வெளியேறச் சுமார் 11 மணி நேரம். எட்டு மணிக்கு இரண்டு போட்டுக்கொண்டவருக்கு எட்டரைக்கு மறுபடி வயிறு கலக்கினால் ‘மாத்திரை கேக்கல’ என்று இன்னும் இரண்டு போட்டுக்கொள்வார். முதல் இரண்டும் அப்போதுதான் கரைந்துகொண்டிருக்கும். விடியும்போது வயிறு உப்பி, வலித்து, காற்றுக்கூடப் பிரியாமல் கிடந்து, அடுத்த ஊர் மருத்துவமனையைத் தேடுவார்.

வழக்கமான பக்க விளைவுகள் மலச்சிக்கல், வயிற்றுப் பிடிப்பு, குமட்டல், லேசான தலைசுற்றல், வாய் வறட்சி. தூக்கக் கலக்கம் வருபவர்களும் உண்டு. வண்டி ஓட்டுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு முதல் சுற்றுச் சிதைவு சரியாக நடக்காததால் அதே மாத்திரை கூடுதல் வேகத்தோடு வேலை செய்யும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கேட்காமல் எடுக்கக்கூடாது.

விழுங்குமுன் பார்க்க வேண்டியது

மலத்தைப் பார்ப்பது அருவருப்பான காரியம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் இந்த மாத்திரையைப் போடலாமா கூடாதா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் கிடக்கிறது. இரத்தமோ சளியோ கலந்திருந்தால் அது சீதபேதி, லோபரமைடு வேண்டாம். உடம்பு 101 டிகிரிக்கு மேல் கொதித்தாலும் வேண்டாம். அந்த நிலையில் கிருமி குடல் சுவரையே அரித்துக்கொண்டிருக்கக்கூடும். வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டிவைப்பது அதற்குக் கூடுதல் நேரம் கொடுப்பதாகும்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்க ஆய்வாளர்கள் டுபோன்ட்டும் ஹார்னிக்கும் ஷிகெல்லா கிருமியால் சீதபேதி கண்டவர்களிடம் லோமோடிலைப் பரிசோதித்து 1973இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் நீடித்தது. கிருமி வெளியேறுவதும் இழுத்துக்கொண்டே போனது.

2011இல் ஜெர்மனியில் பரவிய ஈ-கோலை தொற்று இன்னும் கடுமையானது. சுமார் 3,800 பேர் நோயில் விழுந்தார்கள், 50க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணூறுக்கும் அதிகமானோருக்குக் கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கியது. தேடிப் போனதில் கிடைத்த மூலம், எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டி விற்ற ஒரு பண்ணை. நம் வீடுகளில் வயிற்றுப்போக்குக்கு மோரில் போட்டு விழுங்கும் அதே வெந்தயம். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்து முளைவிடும் நேரத்தில், விதையில் ஒட்டியிருந்த கிருமியும் சேர்ந்து பெருகும் என்பதுதான் முளைகட்டிய எந்தத் தானியத்துக்கும் உள்ள ஆபத்து. இவ்வகை நஞ்சுக் கிருமித் தொற்றில் குடலை நிறுத்தும் மருந்தை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். நஞ்சு உள்ளே தங்கும் நேரம் கூடினால் சிறுநீரகம் கெடும் ஆபத்தும் கூடும் என்பது காரணம்.

வேறு நோய்க்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, அதன் பிறகு தண்ணீராகப் போகத் தொடங்கினாலும் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. நல்ல கிருமிகள் அழிந்த இடத்தில் சி-டிஃபிசில் என்ற முரட்டுக் கிருமி குடியேறியிருக்கலாம். அப்போது குடலை நிறுத்தினால் பெருங்குடல் பலூனாக வீங்கும் அபாயம் உண்டு. பெருங்குடல் புண் நோய் முற்றியிருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளையாக, நிற்காமல் கொட்டினால் காலராவாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்கில் உயிர் போகும். மாத்திரை தேடி நேரத்தைக் கழிக்காமல் 108க்கு அழைப்பதே வழி.

மற்றபடி, காய்ச்சலோ இரத்தமோ இல்லாத, நேற்றைய பந்தியோ சாலையோரப் பானிபூரியோ கொடுத்த சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். அதற்கு நார்ஃப்ளாக்சசின்–டினிடசோல் கலவை மாத்திரையும் சேர்த்து வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. வைரஸால் வந்த பேதிக்கு அந்தக் கலவை ஒன்றும் செய்யாது. அடுத்த முறை உண்மையாகவே ஆன்டிபயாடிக் தேவைப்படும்போது அது கேட்காமல் போவதற்குத்தான் உதவும்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா

கூடாது. இந்த அத்தியாயத்தில் விதிவிலக்கு தேடக்கூடாத வரி இதுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குப் போக்கை நிறுத்தும் மருந்து எதையும் தரவேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு காலத்தில் குழந்தைகளுக்கென்றே இமோடியம் சொட்டு மருந்து விற்றது. பாகிஸ்தானில் அதைக் கொடுத்த கைக்குழந்தைகளுக்குக் குடல் அசைவே நின்று, வயிறு உப்பி, சில குழந்தைகள் இறந்த செய்தி 1990இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டில் நிறுவனம் சொட்டு மருந்தை விற்பனையிலிருந்து விலக்கத் தொடங்கியது. பிற்பாடு 2007இல், குழந்தைகளிடம் நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வில், லோபரமைடால் வந்த கடும் பாதிப்புகள் எல்லாமே மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம் பதிவாகியிருந்தன.

குழந்தைகளுக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது. அலையசைவு நின்ற குடலுக்குள் நீர் சுரப்பது நிற்காமல் போகலாம். அப்போது நீர் வெளியே வராமல் குடல் வளைவுகளில் தேங்குகிறது. துணி நனையவில்லை, ‘நின்னுடுச்சு’ என்று தாய் நிம்மதியடைவார். அதே நேரத்தில் குழந்தையின் இரத்த ஓட்டத்திலிருந்து நீர் வற்றிக்கொண்டிருக்கும். கண் குழிந்திருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா, அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதே அங்கே சரியான அளவுகோல். இவற்றில் ஒன்று தட்டுப்பட்டாலும், குழந்தை துவண்டு பால் குடிக்க மறுத்தாலும் உடனே மருத்துவமனைதான்.

முதல் மருந்து உப்புக்கரைசல்

வயதானவரோ குழந்தையோ, லோபரமைடு போட்டவரோ போடாதவரோ, எல்லோருக்கும் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கான குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. கொல்கத்தா மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து பீப்பாய்களில் நிரப்பிக் குடிக்க வைத்தார். முகாமில் 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு 2023இல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

அந்தக் கரைசலில் குளுக்கோஸ் இருப்பது தெம்புக்காக அல்ல. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சோடி சேர்ந்து நுழையும் ஒரு வழி இருக்கிறது. பேதி நேரத்திலும் அது திறந்தே இருக்கும். அவை நுழையும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். அளவு மாறினால் சோடி கலைந்துவிடும். இங்கேதான் வீடுகளில் தவறு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்புக் கரித்து, குடலிலிருந்தே தண்ணீரை இழுக்கும். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பது ஒரு லிட்டரா, 200 மில்லியா என்று பார்த்து, முழுவதையும் அந்த அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கவேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத நள்ளிரவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கலந்துகொள்ளலாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. வெறும் குளுக்கோஸ் பவுடரும் பாட்டில் குளிர்பானமும் உதவாது. அவற்றின் சர்க்கரை பேதியைக் கூட்டிவிடும்.

கடை அலமாரியில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு நின்ற பழச்சுவைப் பானங்கள் பலரை ஏமாற்றின. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்கெதிராகப் பல ஆண்டுகள் போராடினார். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத பானங்கள் அந்த எழுத்துகளைப் பெயரில் பயன்படுத்தக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது பெயரைவிட உட்பொருள் பட்டியலைப் பார்ப்பது உத்தமம்: லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தருவார்கள்: நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். போக்கு நின்ற மூன்றாம் நாளே துத்தநாகத்தை நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு.

அளவு மீறினால் இதயம்

அமெரிக்காவில் 2010க்குப் பிறகு இந்த மாத்திரைக்கு இன்னொரு முகம் தெரிந்தது. போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள், மருந்து கிடைக்காத நாட்களின் உடல் உதறலை அடக்கவும், சிலர் போதைக்காகவும், இதை ஒரே மூச்சில் டஜன் கணக்கில் விழுங்கத் தொடங்கினார்கள். ‘ஏழையின் மெத்தடோன்’ என்று பட்டப்பெயரும் வந்தது. காவலை மீறி மூளைக்குப் போக அத்தனை மாத்திரை வேண்டும். அந்த அளவில் அது இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்துவிடும். துடிப்பு தாறுமாறாகி, மயங்கி விழுந்து, சிலர் எழவே இல்லை. 1976 முதல் 2015 வரை கடுமையான இதயப் பாதிப்பு 48 பேருக்கு ஏற்பட்டதும், அவர்களில் 10 பேர் இறந்ததும் தன்னிடம் பதிவானதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. 2019இல் ஒரு பெட்டியில் 48 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனிக் குமிழில் இருக்கவேண்டும் என்ற மாற்றங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது.

சொன்ன அளவில் எடுப்பவர் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும், எரித்ரோமைசின், பூஞ்சைக்கான இட்ராகொனசோல் அல்லது கீட்டோகொனசோல், எச்.ஐ.வி.க்கான ரிட்டோனவிர், கொழுப்புக்கான ஜெம்ஃபைப்ரோசில் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்காமல் எடுக்கக்கூடாது. இவை லோபரமைடின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். மாத்திரை போட்டபின் யாராவது மயங்கினால் அல்லது எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அபின் வகைக்கு எதிர்மருந்தான நாலாக்சோன் இதற்கும் வேலை செய்யும்.

மாதக்கணக்கில் எடுப்பவர்கள்

இரண்டு நாள் கணக்கு கடையில் வாங்கிப் போடுபவர்களுக்கு. மருத்துவரின் கண்காணிப்பில் இதை நீண்டநாள் நம்பி வாழ்பவர்களும் இருக்கிறார்கள். குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்களுக்கு, பையில் சேரும் நீரைக் குறைத்து, நாலு பேர் நடுவே நிம்மதியாக உட்கார இது உதவுகிறது. பேதியோடு வரும் எரிச்சல் குடல் நோயாளிகள், மலத்தை அடக்கமுடியாத முதியவர்கள் ஆகியோருக்கும் தருகிறார்கள். இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றுபவர்களுக்குப் பேதி தொடங்கினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்றுகூட மருத்துவர் எழுதிக்கொடுப்பதுண்டு. அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, ‘அவங்களே இத்தனை போடறாங்களே’ என்று வீட்டில் மற்றவர்கள் அதைப் பின்பற்றக்கூடாது.

பயணப் பையில் வைத்துக்கொள்ள விரும்புபவர், கடைக்காரரிடம் முழு அட்டையாகவே கேட்டு வாங்கலாம். அப்போது பெயரும் தேதியும் கையில் இருக்கும். அதோடு இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு லிட்டர் பாட்டிலும் சேர்ந்தால்தான் அந்த மாத்திரைக்கு அர்த்தம். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். போக்கு நின்றபின் ஓரிரு நாள் மலம் வராமல் இருந்தால் பதறி விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ தேடவேண்டாம். குடலில் தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததே பெரும்பாலும் காரணம். வலியோ வாந்தியோ உப்புசமோ சேர்ந்துகொண்டால் மட்டும் மருத்துவரைப் பார்க்கவேண்டும். மற்றவர்கள் இட்லி, தயிர்ச்சோறு, வாழைப்பழம் என்று சாப்பிடத் தொடங்கினால் மூன்றாம் நாளில் வழக்கத்துக்கு வந்துவிடும்.